கம்

எட்மண்டனில் பிப்ரவரி. மைனஸ் இருபத்தாறு.
மூன்றாம் மாடியில், ஹீட்டர் இருமும் அறையில்
ஒன்பது பேர் ஒரே ஒரு வரியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள்,
நாலு மணியிலிருந்து.

நான் நாற்காலி போடுகிறவள்.
ஜப்பானியப் பண்பாட்டையும் இலக்கிய மொழிபெயர்ப்பையும் வளர்க்க
பல்கலைக்கழகம் திறந்த மையத்தில்
காபிக்கும் காகிதக் கொக்குக்கும் ரசீது வைக்கிறவள்.
பரிசுக்கு வந்த நாற்பத்தோரு உறைகளிலும்
பெயரை மறைத்து எண் ஒட்டியவள்.
வஞ்சிக்கொடி பெயரட்டையில் அடங்காமல்
மூன்று வருஷமாக 'வான்' என்று திரிகிறேன்.
ஜப்பானிய மொழியில் எனக்கு
நன்றி தெரியும், கழிப்பறை எங்கே என்பது தெரியும்.

மேஜையில் ஒரு கதையின் கடைசிப் பக்கம்.
ஒருத்தி கடையின் ஷட்டரை இறக்குகிறாள்.
பனி பெய்கிறது.
எப்படிப் பெய்கிறது என்பதற்கு அங்கே இரண்டே தட்டு:
ஷின் ஷின்.

"சத்தம் இல்லாததன் சத்தம்" என்கிறார் ஹன்ஸாவா மிதோரி.
லெத்பிரிட்ஜிலிருந்து பஸ்ஸில் வந்தவர்,
இன்னும் கோட்டைக் கழற்றவில்லை.
பேராசிரியர் தீஸன் 'மென்மையாக' என்று எழுதினார்.
அழித்தார்கள்.
பிரியானா 'ஓசையின்றி' என்றாள்.
அழித்தார்கள்.
யாரோ 'அமைதியாக, விடாமல், எலும்புவரை' என்று நீட்ட
பனியைவிட வரி கனத்துப்போனது.
"ஷின் ஷின் என்றே விட்டுவிட்டால்?"
"ஆங்கிலத்தில் அது முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பு."
சிரித்தார்கள். ஹீட்டரும் சிரித்தது.

எனக்கோ பத்தாம் வகுப்பு இலக்கணம் நினைவுக்கு வந்தது:
இரட்டைக்கிளவி, இரண்டு மதிப்பெண்,
பிரித்தால் பொருள் தராது.
சலசல, மொறுமொறு, நறநற, வெடவெட.
ஜோடி ஜோடியாக மட்டுமே வெளியே வரும் சொற்கள்
என்னிடம் மந்தையாக இருக்கின்றன.
வாயைத் திறக்கப் போனேன்.
பனிக்கு?

பனிக்கு ஒன்றும் இல்லை.
மார்கழிப் புல்லில் காலை நனைக்கிற ஈரத்துக்கு வைத்த பெயரைத்தான்
இந்த ஊரின் மொத்த வெள்ளையையும் சுமக்கச் சொல்கிறோம்.
வந்த புதிதில் "பனி பெய்யுதும்மா" என்றேன் போனில்.
கரூரிலிருந்து பதில்:
"தலைக்குத் துண்டு கட்டிக்க."

காலிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தேன்.
கார் நிறுத்துமிடத்தில் கார்கள் இருந்ததற்கு
மேடுகள் மட்டுமே சாட்சி.
என்னையறியாமல் சொல்லியிருக்கிறேன்:
கம்முனு பெய்யுது.

ஹன்ஸாவா திரும்பினார்.
"என்ன சொன்னீர்கள்?"
"கம்."
"மெல்லுவதா?" என்றாள் பிரியானா.
இல்லை. எங்கள் பக்கம் ஒருவர் வாயை அடைக்க
'கம்முனு கெட' என்போம். சத்தம் நின்றுவிடும்.
பெருங்காய டப்பாவைத் திறந்தாலும் கம் என்றுதான் வரும்.
ஒன்று காதுக்கு, ஒன்று மூக்குக்கு.
ஏன் ஒரே சொல் என்று யாரும் கேட்டதில்லை,
நானும் இந்த நிமிஷம்வரை.

அவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். கம்.
உதடுகள் மூடி, அப்படியே கொஞ்சம் இருந்தன.
"உங்களிடமும் இரண்டு முறை சொல்லலாமா, எங்களைப் போல?"
"சொன்னால் வாசனை அடிக்க ஆரம்பித்துவிடும்."

தீஸன் கடிகாரத்தைப் பார்த்தார்.
தீர்மானம்: அடுத்த வியாழன் தொடரலாம்.
கோட்டுகள், கையுறைகள், லிஃப்ட்.
ஹன்ஸாவா மட்டும் வாசலில் நின்று
வெளியைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்தார்,
இல்லை, பஸ் வருகிறதா என்று பார்த்திருக்கலாம்.

நாற்காலிகளை மடக்கினேன்.
போட்டி விண்ணப்பத்தில் மொழிக்கான கட்டத்தில்
ஆங்கிலம் மட்டும்தான் உண்டு, அச்சுக்குக் கொடுத்தவளே நான்தான்.
கையில் கிடைத்த காபி ரசீதின் பின்னால் எழுதினேன்:
ஷட்டரை இறக்கினாள்.
கம்முனு பெய்துகொண்டிருந்தது பனி.

மறந்துபோய் அதையே கணக்கில் சேர்த்துவிட்டேன்.
திங்கட்கிழமை கணக்குப் பிரிவிலிருந்து மின்னஞ்சல்:
முப்பத்தெட்டு டாலர் சரி,
பின்பக்கம் எழுதியிருப்பது என்ன?

வானிலை,
என்று பதில் போட்டேன்.