கரண்டி விழும் கணக்கு

"யாருக்காவது ஒரு தொந்தரவு இருக்கும்,
கண்டுபிடித்து வாருங்கள்" என்றேன்.
புதுவயல் பள்ளியின் நாலாம் வகுப்பு
நோட்டோடு கிளம்பியது.

சத்துணவுக் கூடத்தில் பாண்டியம்மாள் சொன்னார்:
"எனக்கிருக்கிற ஒரே தொந்தரவு நீங்கதான்."
அதையும் எழுதிக்கொண்டார்கள், தேதி போட்டு.

சோலச்சி மட்டும் திரும்பி வரவில்லை.
அண்டாப் பக்கம் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள்.
மணி அடிப்பதற்குள்
கரண்டி ஆறு தடவை
சாம்பாருக்குள் விழுந்திருந்தது.

முதல் மாதிரி, பாட்டிலை வெட்டிய கொக்கி.
ஆவியில் சுருண்டு
கரண்டிக்கு முன்னால் அதுவே விழுந்தது.
இரண்டாவது, பென்சில் டப்பா மூடி.
அதைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது.

"இன்னொரு குண்டான்ல கரண்டிய வச்சாப் போதுமே"
என்றான் ஆசிப்.
சரியான விடைதான்.
"குண்டான் கேட்டு எழுதி
ரெண்டு வருசமாச்சு தம்பி."
தேவையான பொருட்கள் என்ற இடத்தில்
குண்டான் என்று எழுதியவன்
அதன்மேல் கோடு கிழித்தான்.

திங்கட்கிழமை,
ஜன்னல் வழியே புழுங்கல் நெல் வாசம்.
ஆலைப் பட்டறையிலிருந்து ஒரு கம்பித் துண்டு.
அப்பா வளைக்க வந்தாராம், இவள் விடவில்லையாம்.
அளவு:
சோலச்சியின் சுண்டுவிரல், மேலும் ஒரு நகம்.

அண்டா விளிம்பில் கொக்கி, கொக்கியில் கரண்டி.
ஐம்பத்தெட்டுத் தட்டு.
விழவில்லை. நானும் எண்ணினேன்.

பாடத்தில் அடுத்தது மதிப்பிடுதல்.
கரண்டியிலிருந்து சொட்டிய சாம்பார்
தரையில் ஒரு ரூபாய் அகலம்.
கதவிடுக்கிலிருந்து அதை நோக்கி
எறும்புகள்.

"டீச்சர்..."
சோலச்சி
புதுப் பக்கம் திருப்பியிருந்தாள்.