பெங்களூரா

பெங்களூரா கிலோ ஆறு ரூபாய்க்கு விழுந்து
டிராக்டர்கள் கூழ் ஆலை வாசலில் இரண்டு நாள் நின்ற வாரம்
நான் பெங்களூருக்குப் போய் இதை வாங்கினேன்.
இரண்டாயிரத்து எட்டு மாடல் பி.எம்.டபிள்யூ,
ஆறு சிலிண்டர், பெட்ரோல்.
முன்னால் இரண்டு நாசித் துளை, இரண்டிலும் தூசி அடைப்பு.

விற்றவர் கௌரவமான மனிதர். விரல் மடக்கிச் சொன்னார்:
ஆயில் கசியும்.
ஏர்பேக் விளக்கு அணையாது.
மழை வந்தால் இடப்பக்கம் உட்காருபவர் கால் நனையும்.
நாலாவது விரலை மடக்கப் போனவர்
என்ன நினைத்தாரோ
அதே கையால் சாவியைக் கொடுத்துவிட்டார்.

ஓசூர் தாண்டும்வரை ராஜா மாதிரி வந்தது.
சூளகிரி மேட்டில் மஞ்சள் விளக்கு, அடுத்த நிமிடம் சிவப்பு.
மீதித் தூரம்
ஆலைக்கு மாங்காய் ஏற்றிப்போன ஈச்சரின் கயிற்றில்.
கிருஷ்ணகிரி சுங்கச்சாவடிப் பையன் எட்டிப் பார்த்தான்:
"அண்ணா, இதுல எது வண்டி, எது லோடு?"

மெக்கானிக்குகள் மூன்று பேர் எம்ப்ளத்தைப் பார்த்ததுமே
கையைத் துடைத்துக்கொண்டார்கள்.
முனிரத்தினம் மட்டும் வந்தார்.
கிரானைட் அறுக்கும் ரம்பங்களுக்கு மோட்டார் காயில் கட்டுகிறவர்.
தண்ணீர் பம்ப் பெல்ட்டில் இல்லை, கரண்டில் ஓடுகிறது
என்று தெரிந்ததும் முகம் தெளிந்தது.
"அட, அப்ப இது நம்ம ஆளு."

பம்ப் ஓடியது. கேஸ்கட் மாறியது.
பிறகும் தண்ணீர் குறைந்தது,
நாளைக்கு ஒரு டம்ளர்.
நான் கொதிகலன் ஆள், பதினொரு வருடம்.
ஊசிமுனையளவு நீராவி தப்பினாலும் காதில் விழும்.
மூக்குதான் ஜூன் பிறந்தால் செத்துவிடும்.
சட்டை, தலையணை, சில்லறைக் காசு,
பேருந்து நிலையத்து ஈக்களின் முதுகு,
ஊரே ஒரே சர்க்கரை.
கூலன்ட்டும் இனிப்பாகத்தான் மணக்கும் என்று
அந்த நாலாவது விரல் சொல்லியிருக்கலாம்.

லோகேஸ்வரி ஆய்வகத்தில் பிரிக்ஸ் பார்ப்பவர்.
என் வண்டி ஓரம் நிழலில் நின்று
போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தவர்
செருப்பு வழுக்கவே குனிந்து பார்த்தார்.
போனைத் துண்டிக்காமலே உள்ளே போய்க்
கருவியை எடுத்து வந்தார்.
ஒரு சொட்டைக் கண்ணாடியில் தொட்டு
வெயிலுக்குத் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணால்:
"இருபத்தெட்டு."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"நம்ம பழம் நல்ல வருஷத்துலயே பதினாறு தாண்டாது.
இது மாம்பழம் இல்லைங்க. உங்க வண்டி."

டேங்கின் தையலில் முடி அகலக் கோடு.
சூடேறினால் மட்டும் திறக்கும் வாய்.
டெல்லியில் பிரித்துப் போட்ட ஒரு வண்டியிலிருந்து
எட்டாம் நாள் கூரியரில் வந்ததற்கும்
அதே இடத்தில் அதே கோடு.
புதிதாகவே வாங்கினேன்:
ஒன்றரை டன் பெங்களூராவின் விலை.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு. ஆலையைக் கழுவி மூடியாயிற்று.
"டெஸ்ட் நான்தானே பண்ணேன், ரிசல்ட் பார்க்க வேண்டாமா"
என்று லோகேஸ்வரியும் ஏறிக்கொண்டார்.
தொப்பூர் கணவாயில் இறங்கி, திரும்பி ஏறினோம்.
லாரிகள் முதல் கியரில் முனகும் ஏற்றம்.
மூன்றாவதில் வைத்து மிதித்தேன்.
புது வேட்டியை
ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை
யாரோ நிதானமாகக் கிழிப்பது மாதிரி ஒரு சத்தம்.
அவர் மேலே கைப்பிடியைத் தேடினார்.
அது முன்பே உடைந்திருந்தது.

உச்சியில் ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தேன்.
இரண்டு பேரும் குனிந்து முகர்ந்தோம்,
பால் திரிந்ததா என்று பார்ப்பதுபோல்.
லாரி பிரேக் கருகும் நாற்றம். சூடான ரப்பர்.
ஆயில், ஆமாம், இன்னும் கொஞ்சம்.
இனிப்பு இல்லை.

பாளையம் சுங்கச்சாவடிக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது.
லோகேஸ்வரி எதுவும் கேட்கவில்லை.
செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
கால்களை இருக்கைமேல் மடக்கி உட்கார்ந்தார்.