கட்டாயமில்லாத கட்டம்

முப்பத்திரண்டு வயதில்
நான் முதன்முதல் எழுதிய நிரல்
தவணைக் கணக்கு.
வேறென்ன தெரியும் எனக்கு?
ஒன்பது வருசம்
விசுவமடு, தருமபுரம், புன்னைநீராவி என்று
செவ்வாயும் வியாழனும்
மோட்டார் சைக்கிளில் கடன் வசூலித்தவன்.

சத்தத்தை வைத்தே ஆளை அறிவார்கள்.
ஒழுங்கையில் நான் திரும்ப
கோழிகூட ஒதுங்குமென்று
குழுத் தலைவி ஒருத்தி பகிடி விட்டாள்.
அன்றிரவு சோறு இறங்கவில்லை என்று எழுதினால்
பொய்.
நன்றாகத்தான் சாப்பிட்டேன். மீன் குழம்பு.

வேலையை ஏன் விட்டாய் என்று கேட்கிறார்கள்.
பெரிய காரணம் ஒன்றுமில்லை.
பரந்தன் சந்திக்குக் கிட்ட
இரும்புக் கடைக்கு மேல்மாடியில்
இரவு வகுப்பு தொடங்கியது,
முதல் மாதம் இலவசம்.
மழைக்கு ஒதுங்கியவன்
படியேறிவிட்டேன்.

கீழே தகரம் வெட்டுவார்கள்.
மேலே, அந்தச் சத்தத்துக்கு மேலால்
கத்திக் கத்திப் படிப்பித்தாள் லக்சாயினி,
என்னிலும் எட்டு வயது இளையவள்:
"பூச்சியமும் வெறுமையும் ஒன்றில்லை அண்ணா.
பூச்சியம் ஒரு பதில்.
வெறுமை என்றால்
இன்னும் ஒருவரும் பதில் எழுதவில்லை."

வகுப்பில் நாலு பேர் முழித்தார்கள்.
எனக்கு உடனே விளங்கியது.
காசில்லை என்று சொல்லும் படலை வேறு,
கூப்பிடக் கூப்பிடத் திறக்காத படலை வேறு.
இரண்டுக்கும் முன்னால்
எஞ்சினை நிறுத்தாமல் நின்றவன் நான்.

பதினாலு மாதம்.
லப்டொப்பும் கடன்தான், மனைவி பெயரில்,
என் பழைய கொம்பனியிலேயே.
வேலை கிடைத்தது.
கதிரைக்கு ஒரு கால் கட்டை,
கடதாசி மடித்து முட்டுக்கொடுத்திருக்கிறேன்.
சம்பளம் முன்னையதிலும் எண்ணாயிரம் குறைவு.
மனைவி கணக்குப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லவில்லை.
அது பூச்சியமா வெறுமையா
இன்னும் தெரியாது.

போன கிழமை
அதே கொம்பனியின் விண்ணப்பப் படிவம்
தாளிலிருந்து திரைக்கு மாற்ற வந்தது.
திறந்தேன். ஏழாவது கட்டம்:
கணவர் – உயிருடன் / இறந்தவர்.
கட்டாயம் நிரப்புக.
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.

இன்பநாயகி
பேனையை அந்தக் கட்டத்துக்கு மேலே
பிடித்தபடி இருந்தார்.
முற்றத்தில் நெல் காய்ந்தது.
"எதைத் தம்பி போடுறது?"
ஐந்து மணிக்குள் கிளைக்குப் போக வேண்டும்.
பேனையை வாங்கி
நானே சரி போட்டேன், இரண்டாவதில்.
அவர் கையெழுத்தை மட்டும் வைத்தார்,
எழுத்தெழுத்தாக, மெதுவாக.

கட்டாயம்: உண்மை
என்றிருந்தது நிரலில்.
பொய் என்று மாற்றினேன்.
ஒரு சொல்.
ஒன்றும் நிரப்பாமல் அனுப்பிப் பார்த்தேன்,
ஏழு தரம்.
ஏழு தரமும்
ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது.

"வாடிக்கையாளர் இதைக் கேட்கவில்லையே"
என்றார் மேலாளர்.
"கேட்கமாட்டார்கள்" என்றேன்.
கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.
பிறகு விட்டுவிட்டார்.

நேற்று பழைய பதிவுகள் வந்து சேர்ந்தன,
ஆறாயிரத்துச் சொச்சம் நிரை.
ஏழாவதில் மேலிருந்து கீழே
இறந்தவர், இறந்தவர், இறந்தவர்.
எது அவர்கள் போட்ட சரி,
எது என் பேனை போட்டது,
அட்டவணைக்குத் தெரியாது.
திரையில் மைக்கு நிறமில்லை.
என் இலக்கத்தைக் கொடுத்து வடித்தேன்.
என் செவ்வாய்கள், என் வியாழன்கள்.
நானூற்றுப் பதினெட்டு.

ஒரே கட்டளையில்
எல்லாவற்றையும் வெறுமையாக்கலாம்.
அரை நிமிட வேலை.
அதுவும் என் கைதானே,
திரும்பவும் அவர்களைக் கேட்காமல்.

செவ்வாய்க்கிழமை லீவு கேட்டிருக்கிறேன்.
மோட்டார் சைக்கிளை
ஒழுங்கை முகப்பில் நிறுத்திவிட்டு
நடந்து போகலாம் என்றிருக்கிறேன்.
இன்பநாயகி வீட்டு நாயைத்தான் யோசிக்கிறேன்.
அதுக்கு என்னை
நடையில் தெரியாது.