அரை நாள்தானே

ஏழு நாற்பதுக்குக் கல்லடிப் பாலம்.
ஸ்கூட்டியின் முன்தட்டில் சோற்றுப் பெட்டி,
அதற்கடியில் நேற்று எடுக்க மறந்த
சின்னவனின் ஒற்றைச் செருப்பு.
வாவிக் காற்று ஹெல்மெட்டுக்குள் புகுந்து
ஒன்றையே கேட்கிறது:
காஸ் மூடினனா?
மூடினன்.
மூடினனா?

மூன்று வருஷமும் நாலு மாசமும் கழிந்து
திருமலை வீதிக் கண்ணாடிக் கடையில்
அதே சுழல் கதிரை,
பெட்டி நிறைய அதே வில்லைகள்.
முதலாளி நிமலராசா சொன்னார்:
"எட்டிலயிருந்து ஒரு மணிவரைக்கும். அரை நாள்தானே,
தேத்தண்ணிக்கு வேற நேரம் என்னத்துக்கு?"
வீட்டில் இவரும் சொன்னார், அன்பாகத்தான்:
"அரை நாள்தானே,
மத்தியானக் கறிய வந்து வைக்கலாம்."
ஒரே சொல்லை
இரண்டு பக்கமும் பிடித்து
ஈரச் சாரம் மாதிரிப் பிழிகிறார்கள்.

பாலமீன்மடுவிலிருந்து ஒருவர் வந்தார்.
வலை பொத்தும்போது கண்ணி இரண்டாகத் தெரிகிறதாம்.
கதிரையில் இருத்தி, லைட்டை நிப்பாட்டி,
வில்லையை மாற்றி மாற்றிக் கேட்டேன்:
"இதில தெளிவா, இதில தெளிவா?"
"ரெண்டும் ஒரு மாதிரித்தான், மகள்."
"அவசரமில்ல, சிமிட்டிப்போட்டுப் பாருங்க."
அவசரமில்ல.
இந்தச் சொல்லை நான் வீட்டில் சொல்லி
எவ்வளவு காலம்!
அந்த இருட்டறையில் பத்து நிமிஷம்
யாரும் என்னை அம்மா என்று கூப்பிடவில்லை.
பிள்ளைகளின் ஞாபகமும் வரவில்லை.
மறுகா லைட் போட்டதும் வந்தது,
கொஞ்சம் கோபமாக.

பத்தேகாலுக்கு ரெஜினா அக்காவின் போன்.
"சின்னவன் கஞ்சியத் துப்பிப்போட்டான்.
காய்ச்சல் ஒண்டுமில்ல. சும்மா சொன்னன்."
அந்தச் சும்மாவை
வில்லை துடைக்கும் துணியால்
ஒரு மணிவரை துடைத்துக்கொண்டிருந்தேன்.

சம்பளம் பதினெட்டாயிரம்.
அக்காவுக்கு ஏழு, பெற்றோலுக்கு நாலு,
மகளின் கணக்கு வகுப்புக்கு இரண்டு.
மிச்சத்தில் மூவாயிரத்துக்குச் சீட்டுப் பிடித்திருக்கிறேன்.
இவருக்குச் சொல்லவில்லை.
என்னத்துக்கென்று எனக்கே தெரியாது,
ஒவ்வொரு மாசமும் அது அங்கே இருக்கிறது,
அவ்வளவுதான்.

ஒரு மணி அடிக்கும் நேரம்
கடைப்படியில் ஒரு குடும்பமே ஏறும்.
ஒன்றே முக்காலுக்குப் பாலத்தில் கிறுகிப் பறக்கிறேன்.
பள்ளிக்கூட வாசலில் அபிசனா,
காவல்காரரின் கதிரையில்,
கால் நிலத்தில் முட்டாமல்.
அழவில்லை. முறையிடவில்லை.
"பதினேழு பேர் போறத எண்ணினன்" என்றாள்.
அடுத்த நாள் வெள்ளன வருவேன் என்று சொல்லவில்லை நான்.
கொண்டைக்கு மேலால் நழுவிய ரிப்பனை
இரண்டு தடவை கட்டினேன்.

பின்னேரம் இவர் மணலை மீன் செதில் உரித்தார்.
உரித்தார்தான்,
ஆனால் செதில் சுவரிலும், கலண்டரிலும்,
நாளைக்குத் தோய்த்து வைத்த வெள்ளைச் சீருடையிலும்.
"உதவி செஞ்சனான்தானே?"
ஓம் என்றேன்.
ஒவ்வொரு செதிலாகப் பிடுங்கும்போது
அவை விளக்கு வெளிச்சத்தில்
சின்னச் சின்ன வில்லைகளாக மினுங்கின.
சிரிப்பும் வந்தது.

இரவு அபிசனா கதிரையில் என்னை இருத்தினாள்.
போன சனிக்கிழமை கடைக்குக் கூட்டிப்போனதன் வினை.
ஒரு கையில் இடியப்பத் தட்டு,
மற்றக் கையில் தேத்தண்ணி வடி.
என் முகத்துக்கு முன்னால் மாற்றி மாற்றி:
"இதில தெளிவா, இதில தெளிவா?"
தட்டுக்கால் பார்த்தால்
அவள் பின்னல் பின்னலாக.
வடிக்கால் பார்த்தால்
தேயிலைத் தூள் ஒட்டிய ஒரு கண்.
"ரெண்டிலயும் மங்கல்தான், புள்ள."
அவள் யோசித்தாள்.
மறுகா என்னுடைய குரலில்,
என்னுடைய கடைக் குரலில் சொன்னாள்:
"ஒரு கிழமை போட்டுப் பாருங்க.
முதல்ல தலையிடிக்கும்.
பழகிரும்."

அதற்குள் சின்னவன்
மற்றச் செருப்பையும்
எங்கேயோ கொண்டுபோய் ஒளித்துவிட்டான்.