லிஃப்ட் குழி

வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் ஏறி நிற்பதற்கு
ஒரு நாள் முன்னாலேயே எனக்கு போன் வந்துவிடும்.
லிஃப்டை மேலே அனுப்பி, மெயினை அணைத்து,
கதவில் ஒரு அட்டை கட்டித் தொங்கவிடுவேன்.
முதல் மாடி போதும் என்றிருந்தது ஒரு காலம்.

முப்பத்தேழு கட்டடங்கள் என் கணக்கில்.
எது எத்தனை அடி முங்கும் என்று
விற்றவனுக்குத் தெரியும், சொல்லமாட்டான்.
எனக்கும் தெரியும்.
குழிச் சுவரில் சேறு தானாகக் கோடு கிழித்திருக்கிறது:
பதினைந்தாம் வருஷத்துக் கோடு,
அதற்குக் கீழே இருபத்தொன்று,
இரண்டையும் தாண்டி
இருபத்து மூன்று டிசம்பர்.

லிஃப்ட் குழியை யாரும் பார்த்திருக்கமாட்டீர்கள்.
ஐந்தடி ஆழம். அடியில் இரண்டு ஸ்பிரிங்.
இடுக்கில் விழுந்த சாவிகள், ஒரு பால் பல்,
எப்போதோ தொலைத்துவிட்டதாக யாரோ அழுத கம்மல்.
மழை முடிந்தால் தவளை.

கார்த்திகையில் ஊறத் தொடங்கும் தண்ணீர்
மாசி வரை நிற்காது.
மோட்டார் வைத்து இறைத்துத் தெருவில் விடுவோம்.
தெரு அதைச் சாக்கடைக்குக் கொடுக்கும்.
சித்திரையில் அதே வாசலில்
லாரி பின்பக்கமாக வந்து நிற்கும்,
பீப் பீப் என்று.

ஜி-2 ஹெப்சிபா, மருந்துக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர்,
ஒரு நாள் என் குழாய்க்கு அடியில்
பக்கெட்டை வைத்துவிட்டு மணி பார்த்தார்.
நிமிஷத்துக்குப் பதினாலு லிட்டர்.
லாரி பில்லின் பின்பக்கத்தில் பெருக்கினார்.
“இதையா தம்பி தெருவுல விடுறீங்க?”

கிரீஸ் கலக்கும் அக்கா, என்றேன்.
“கக்கூஸுக்குக் கூடவா ஆகாது?”

எனக்குப் பதில் இல்லை. ஆனால் யோசனை இருந்தது.
குழிக்குள் இறங்குவதற்கு முன்பே,
சுவருக்கு வெளியே அதைப் பிடித்துவிட்டால்?
செயலாளர் திருமலைக்கொழுந்து
கொசு என்றார், வாஸ்து என்றார், கோரம் இல்லை என்றார்.
மூன்று கூட்டம். நாலாவதில் களைத்துப்போய்ச் சம்மதித்தார்.
நாலடி சம்ப், ஒரு டிரம் ஜல்லி,
மொட்டை மாடியில் தனித் தொட்டி, ஃப்ளஷுக்கு மட்டும்.
செலவு, ஏழு லாரித் தண்ணீரின் விலை.
அந்தக் கோடையில் வாரத்துக்கு மூன்று லாரி
ஒன்றாகக் குறைந்தது.
பூஜ்யம் ஆகவில்லை.
மீதி முப்பத்தாறு கட்டடங்கள்
இன்னும் தெருவில்தான் விடுகின்றன.

என் வீடு பெரும்பாக்கம்.
ஆற்றங்கரை ஆபத்து என்று லாரியில் ஏற்றி வந்து
சதுப்பு நிலத்தின் ஓரத்தில், ஏழாம் மாடியில் வைத்தார்கள்.
எங்கள் லிஃப்ட் வேறு கம்பெனி.
நான் கை வைக்கக் கூடாது.
டூல் பையோடு தினமும் நூற்றிருபத்தாறு படி ஏறுகிறேன்.
ஐந்தாவதில் பேச்சியம்மாள் குடத்தோடு உட்கார்ந்திருப்பாள்.
என் பையை அவள் பார்ப்பாள்,
அவள் குடத்தை நான் பார்ப்பேன்.
பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு
குடத்தை ஏழு வரை கொண்டுபோய் வைப்பேன்.

மேலே வந்தால் காற்று. கீழே பள்ளிக்கரணை:
கொஞ்சம் நாணல், கொஞ்சம் குப்பை மலை,
குப்பைக்கும் நாணலுக்கும் நடுவே
ஒற்றைக் காலில் ஏதோ வெள்ளைப் பறவை.
ஊரின் தண்ணீரெல்லாம் கடைசியில் இறங்கும் இடம்.

தொழிலில் சேர்ந்த முதல் வாரம்
ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்:
குழி வீண் இடம் இல்லை.
பெட்டி தவறி இறங்கினால்
உள்ளே நிற்கிறவன் பிழைக்கத்தான் அந்தக் காலி இடம்.
அதில் பெயின்ட் டப்பா கூட வைக்கக் கூடாது.

எதிரே, நாணலுக்கு நடுவில்,
புதிதாக ஒரு விளம்பரப் பலகைக்கு விளக்குப் போட்டிருக்கிறார்கள்.
ஏரியைப் பார்த்த பால்கனி, உடனே குடியேறலாம்.
நல்ல வெளிச்சம்.
எங்கள் படிக்கட்டு வரை வருகிறது.

போன் அடிக்கிறது. விஜயநகர்.
“வங்கக் கடல்ல ஏதோ சுத்துதாமே,
வழக்கம்போல ஒண்ணாவது மாடிதானே?”

இல்ல சார்.
ரெண்டுக்கு அனுப்புங்க.