அக்கரை என்று எழுதினோம்

கொளப்பள்ளி மூணாம் லயத்தில்
மண்ணெண்ணெய் மிச்சமிருந்த வீடு எங்களுடையது,
அதனால் மனு அங்கே எழுதப்பட்டது.
கார்பன் தாள் ரெண்டே ரெண்டு. பிரதி நாலு வேண்டும்.
நாலாவதில் எழுத்து
பனிக்குள் நடந்துபோகிற ஆள் மாதிரி இருந்தது.

முதல் வரியிலேயே சண்டை.
'தாய்நாட்டுக்குப் போய்வரக் கப்பல்' என்றான் சவரிமுத்து.
எது தாய்நாடு என்று கேட்டாள் அங்கம்மா.
அங்கே நாங்கள் வடக்கத்தியான்.
இங்கே ரேசன் கடையில், ஏ சிலோன்காரி, தள்ளி நில்லு.
அரைமணி நேரம் போனது. கல்லில் ரொட்டி கருகியது.
அடித்துவிட்டு அக்கரை என்று எழுதினேன்.
இக்கரையில் உட்கார்ந்து எழுதுகிறவரைக்கும்
அது பொய்யில்லை.

கேட்டது ஒன்றுதான்:
ராமேசுவரத்தில் நிறுத்திய கப்பலை மறுபடி விடுங்கள்.
சுடுகிற கடலில் எவன் கப்பல் விடுவான் என்று
எங்களுக்கும் தெரியும்.
தெரிந்தாலும் கேட்டு வைக்க வேண்டும்,
கேட்காத லயத்துக்குக் குழாய்கூட வருவதில்லை.

ஞாயிறு. பெரட்டு இல்லை.
மழை மட்டும் வேலைக்கு வந்திருந்தது.
ஒவ்வொரு கதவாகத் தட்டினோம்.
முதல் வீட்டில் வாசலை மறித்த ஆட்டை
அவிழ்த்து வேறிடத்தில் கட்டிய பிறகுதான் கையெழுத்து.
ஏழாம் வீட்டில் பொன்னுருவி
பெயரில் பாதி எழுதிவிட்டு நிறுத்தினாள்.
ஒரே குடும்பத்தில்
அஞ்சு பேருக்கு இந்த நாட்டுச் சீட்டு,
மூத்தவளுக்கு அந்த நாட்டுச் சீட்டு.
மஸ்கெலியாவில் பேரனுக்குப் பல் முளைத்திருக்கும் என்றாள்.
கொஞ்சம் யோசித்து,
விழுந்தும் இருக்கும் என்றாள்.
மீதிப் பெயரை எழுதினாள்.

பதினோராம் வீட்டில் கதவு பாதிதான் திறந்தது.
சின்னக்கருப்பன்.
"கையெழுத்துப் போட்டா, இவனுக்குப் போக ஆசைன்னு
திருப்பி ஏத்திருவாங்க.
கண்டியில என் கடைய எரிச்சாங்க.
அந்தக் கப்பல்தான் கொண்டாந்து எறக்குச்சு,
அதுக்கு நான் கோயிலா கட்டணும்?
கடல் மூடியே கெடக்கட்டும். எனக்குத் தூங்கணும்."
பதில் தயாராக வைத்திருந்தேன், ரெண்டு நாளாக.
சொல்லவில்லை.
நனைந்துகொண்டு நின்ற என் தலைக்கு
ஒரு படங்கைக் கொடுத்துவிட்டுக்
கதவைச் சாத்தினான்.

பதினாறாம் வீட்டில் மை டப்பா காய்ந்தது.
எச்சில் தொட்டு, தண்ணீர் தொட்டு,
அடுப்புக்கரி குழைத்து
பெருவிரல் பெருவிரலாக அழுத்தி
மூன்று ஞாயிறுகளில்
அறுநூற்றுப் பன்னிரண்டு.

கூடலூர் தாலுகா ஆபீசில்
கிளார்க் தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.
"இது என்னம்மா, வெறும் கரும்புள்ளி? ரேகை எங்க?
ரேகை விழுந்தாத்தான் கைநாட்டு."
அங்கம்மா ரெண்டு கையையும்
அவர் மேசைமேல் மல்லாத்தி வைத்தாள்,
டீ கிளாஸுக்குப் பக்கத்தில்.
"அக்கரையில பதினாலு வருசம் கொழுந்து கிள்ளுனது,
இக்கரையில ஒம்பது.
மிச்சம் இருந்தா நீங்களே எடுத்துக்கங்க சார்."
அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.
டீ கிளாஸை நகர்த்தினார்.
பிறகு 'பெறப்பட்டது' முத்திரையை
எங்கள் கைக்கு வருகிற பிரதியில் குத்தினார்,
அந்த நாலாவதில்.
மனுவைவிட முத்திரை நன்றாகத் தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் சவரிமுத்து
அடுத்த ஞாயிறு சேரம்பாடி என்றான்,
புதுக் கார்பன் யார் வாங்குவது என்றான்.
யாரும் பேசவில்லை. அங்கம்மா தூங்கிவிட்டாள்,
கைகளை மூடிக்கொண்டு.

படங்கைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
"எத்தனை?" என்றான் சின்னக்கருப்பன்.
சொன்னேன்.
"பதிமூணாக்கிராத" என்றான்.
இல்லை என்றேன்.
படங்கை உதறினான், மடித்தான்,
மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தான்.

"அந்தக் கப்பல விட்டாங்கன்னு வையி,
ஆள ஏத்தாம
கடிதாசி மட்டும் ஏத்துவாங்களா?"