நாற்பத்தோராவது நிமிடம்

குறும்பனையிலிருந்து வந்தார் கிளீட்டஸ்,
ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் சிபியூ,
பின்னால் மெர்லின் புஷ்பத்தின் மடியில்
போர்வை சுற்றிய மானிட்டர்.
கருங்கலில் அன்று சந்தை. கூட்டத்துக்குள்
ஹாரன் அடித்துக்கொண்டே.

"சத்தம் கேக்குது மோளே. படம் காணல்ல."

போட்டேன். உண்மைதான்.
அடியில் எழுத்துகூட ஓடுகிறது,
சதுர அடைப்புக்குள்: அலைகளின் ஓசை.
மேலே தார் ஊற்றியதுபோல் ஒரே கறுப்பு.

கேபிளை மாற்றினேன், டிரைவரைப் புதுப்பித்தேன்,
சர்ச் ஹால் டிவிக்காக நடுவில் செருகியிருந்த
ஸ்ப்ளிட்டரையும் கழற்றிப் போட்டேன்.
கறுப்பு அசையவில்லை.

"உங்க ஊர்ல எடுத்த படமா?"
"எனக்க வள்ளத்துல எடுத்தது."

ஐந்து நாள் வாடகை. கயிறு கட்டிப் பாறைப்பக்கம்
இழுத்தார்களாம், புயல் காட்சிக்கு.
திரும்பி வந்தபோது அணியத்தில் ஒரு முழம் வெடிப்பு.
"அது பழசு" என்றது கம்பெனி.
ரெண்டு வருஷம் கழித்துப் படம் வந்திருக்கிறது.
வாடகை நூற்று நாற்பத்தொன்பது ரூபாய், இரண்டு நாளைக்கு.
செல்போனில் வள்ளம் தெரிகிறது.
அணியம் ஒரு அரிசிமணி.

பெட்டி முதலில் மானிட்டரை ஒரு கேள்வி கேட்கும், என்றேன்,
களியக்காவிளை செக்போஸ்ட்டில் ஆர்சி புக் கேட்பதுபோல.
உங்கள் மானிட்டர் பழசு,
அதற்குப் பதில் தெரியாது, கேள்வியும் புரியாது.
கள்ளக் காப்பி எடுக்காமல் இருக்கத்தான் இதெல்லாம்.

"காப்பி ஆருக்கு வேணும்?
எனக்க அணியத்தப் பாத்தா போதும்."

நீல முனையுள்ள பழைய கேபிள் ஒன்று கிடந்தது,
யாரையும் எதுவும் கேட்காத வகை.
படம் வந்தது.
பதில் சொல்லாதவர்களுக்கு அளக்கிற படம்,
மழையில் நனைந்த செய்தித்தாள்.
நாற்பத்தொன்று பன்னிரண்டில் நிறுத்தினேன்.
அணியத்தில் கறுப்பாக ஏதோ.
கயிறா, நிழலா.

"ஒரு கோடு கெடக்குல்லா?" என்றாள் மெர்லின், மெதுவாக.
அவர் பேசவில்லை.
ரெண்டு வருஷமாக நம்பியதை
ஒருமுறை உள்ளே திருப்பிப் பார்த்தார் போல.

எதிர்க்கடை சிஜினிடம் கேட்டேன்.
விற்பனைக்கு மாட்டியிருந்த ஐம்பத்தைந்து அங்குலம்.
கேள்வி கேட்டதும் தெரியவில்லை, பதில் சொன்னதும் தெரியவில்லை,
கடல் வந்து நின்றது.
நாற்பத்தொன்று பன்னிரண்டு.
நீல பெயின்ட், அதில் வெயிலுக்குக் கிளம்பிய கொப்புளம்,
வெள்ளைப் பட்டையில் யாரோ கைவைத்த அழுக்கு.
கறுப்பு, கயிற்றின் நிழல்.
வெடிப்பு இல்லை.

கோழி வாங்க வந்த ஒருவர்
"நல்ல படமா?" என்றார்.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்தேன்: கறுப்பு.
போனில் போட்டோ பிடித்தேன்:
வரிவரியாக நெளிந்து, சரியாக அணியத்தின்மேல்
பத்து வெடிப்பு.

பில் புத்தகத்தைத் திறந்தேன்.
பழுது: இல்லை.
பதில் தெரியாதது தவிர மானிட்டர் நலம்.
கட்டணம்: ஐம்பது.
கீழே, குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்:
இந்தப் படத்தின் 41.12இல் அணியத்தில் வெடிப்பு இல்லை.
கண்ணால் பார்த்தேன். ர. அஜிதா ஷீபா.
கடை முத்திரை. சிஜினும் ஒரு கையெழுத்து.

"நேரம் போட்டியா மோளே?"
"போட்டாச்சு. அஞ்சு பத்து."

மடித்து, பாலித்தீனில் சுற்றி,
சட்டைக்குள் வைத்தார்.
வாடகையில் இன்னும் நாலு மணிநேரம் மிச்சம்.
மீதிப் படத்தைப் பார்க்க ஒருவரும் நிற்கவில்லை.